மழைக்காலமும் 25,000 போட்டோக்களும்: வீட்டுக்கு ‘நாஸ்’ பெட்டி வாங்கலாமா?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனம் பக்கத்திலிருக்கும் மயிலத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் 51 செ.மீ மழை. விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்ட் குளமாகிக் கிடந்தது. அப்படியொரு மழைக்குப் பிறகு மெத்தையும் பாயும் மொட்டைமாடி வெயிலுக்கு வரும். கூடவே கல்யாண ஆல்பமும் வரும். மெத்தை காய்ந்துவிடும். ஆனால், ஒட்டிக்கொண்ட ஆல்பத்தைப் பிரித்தால் படம் தாளோடு உரிந்து வரும். பீரோ அடித்தட்டில் வைத்த ஹார்டு டிஸ்க்கின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

‘அதான் மொபைலில் எல்லாம் இருக்கே?’ என்பீர்கள். அப்பா எடுத்தது அப்பா மொபைலில், தங்கச்சி எடுத்தது அவள் மொபைலில் என்று சிதறித்தான் இருக்கும். கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச சேமிப்பை நிறுத்திவிட்டது. ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதனால்தான் ‘வீட்டுக்கே ஒரு நாஸ் வாங்கிவிடலாமா?’ என்று பலர் யோசிக்கிறார்கள்.

நாஸ் என்றால் என்ன?

நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். ஹார்டு டிஸ்க் பொருத்திய சின்னப் பெட்டி. வைஃபை ரவுட்டருடன் ஒரு கேபிளில் இணைத்துவிட்டால் 24 மணி நேரமும் ஓடும். வீட்டுக்குள் வந்ததும் எல்லோருடைய மொபைல் போட்டோவும் ஆப் வழியாகத் தானாக அதில் ஏறிவிடும். டி.வி-யிலும் பார்க்கலாம்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு போட்டோ சராசரியாக 4 எம்பி என்றால், 25,000 போட்டோ 100 ஜிபி. வீட்டின் மொத்தச் சேமிப்பும் 500 ஜிபி-க்குள் என்றால், இரண்டு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கே போதும். வீடியோ அதிகம் எடுப்பவர்கள், நான்கைந்து மொபைல் உள்ள கூட்டுக்குடும்பம், வீட்டிலிருந்தே ஸ்டுடியோ வேலை பார்ப்பவர்கள்... இவர்களுக்குத்தான் நாஸ் உண்மையில் பயன்படும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

* இரண்டு டிஸ்க் போடும் பெட்டி: ரெய்டு 1 முறையில் ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றது காப்பாற்றும். 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது 4 டிபிதான்.

* நாஸ் வகை டிஸ்க்: பெரும்பாலான பெட்டிகள் காலியாகத்தான் விற்கப்படும். டிஸ்க் செலவு தனி. எந்நேரமும் ஓடுவதற்கென்றே வரும் டிஸ்க்கை வாங்குங்கள். ‘சிஎம்ஆர்’ வகையா என்று கடையில் கேளுங்கள். ‘எஸ்எம்ஆர்’ வகையில் தொடர்ந்து எழுதும்போது வேகம் குறையும். நாஸுக்கென விற்ற சில ரெட் மாடல்களில் எஸ்எம்ஆர் இருந்ததை 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலே ஒப்புக்கொண்டது.

* ரவுட்டர்: பழைய ரவுட்டரின் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 1 ஜிபி ஏற ஒன்றரை நிமிடம் ஆகும். ஜிகாபிட் போர்ட்டில் பத்து விநாடி.

* கரன்ட்: டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்புண்டு. யுஎஸ்பி கேபிளில் நாஸுடன் பேசக்கூடிய சின்ன யுபிஎஸ் இருந்தால், பெட்டி தானாகவே முறையாக அணைந்துவிடும். பில்? 20 வாட்ஸ் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட் கூடும்.

* பாதுகாப்பு: 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி அவசியமில்லை என்றால் அணைத்தே வையுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெட்டி வாங்கினால் கவலை தீர்ந்ததா?

இங்குதான் பலரும் ஏமாறுகிறோம். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. தண்ணீர் வந்தால் இரண்டும்தான் நனையும். குழந்தை தெரியாமல் ஒரு ஆல்பத்தை அழித்தால், அது இரண்டிலுமே அழியும். ரெய்டு என்பது டிஸ்க் பழுதுக்கான காப்பு மட்டுமே. அது பேக்கப் ஆகாது.

அதனால்தான் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். விழுப்புரத்தில் இருப்பவர் திண்டிவனத்து சித்தப்பா வீட்டில் ஒரு டிஸ்க்கை வைக்கலாம். திருட்டு, தீ, மின்கசிவு போன்றவற்றுக்கு அது போதும். ஆனால், ஃபெஞ்சல் இரண்டு ஊரையும் ஒரே நாளில்தான் நனைத்தது. இடையில் சுமார் 40 கி.மீ.தான். எனவே அந்த டிஸ்க் கோவையிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி, புதிய போட்டோக்களை ஏற்றிக் கொடுத்தனுப்பலாம். தாத்தா பாட்டி படம், கல்யாணம், பத்திர நகல் என்று இழக்கவே முடியாதவற்றை மட்டும் அந்த 15 ஜிபி-யில் போட்டு வையுங்கள்.

பட்ஜெட் இடித்தால் நாஸைத் தள்ளிப்போடுங்கள். வெளியூர் பிரதியைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்டி வாங்கினாலும் தரையிலோ டி.வி ஸ்டாண்டின் அடியிலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள உயரமான அலமாரியில் வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கைச் செருகி, ஏதாவது பத்து போட்டோவைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை மழை வந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.