கடிக்கும் வலு குறைந்தால் குழந்தையின் வளர்ச்சி குறையுமா?

நன்றாகக் கடித்துச் சாப்பிடுகிற குழந்தைதான் நன்றாக வளரும் என்று வீடுகளில் சொல்வது வழக்கம். கடிக்கும் விசையை அளந்து பார்த்த ஆய்வுகளும் இதற்கு ஓரளவு ஒத்துப்போகின்றன. ஆனால் இதில் எது காரணம், எது விளைவு என்பதில்தான் குழப்பம்.

கடைவாய்ப் பற்களுக்கு இடையே சிறிய சென்சார் ஒன்றை வைத்து, முடிந்த மட்டும் அழுத்திக் கடிக்கச் சொல்லி இந்த விசையை அளக்கிறார்கள். பெரியவர்களிடம் பொதுவாக 500 முதல் 700 நியூட்டன் வரை வரும். அதாவது, ஏறக்குறைய 50 முதல் 70 கிலோ எடையை ஏற்றி வைத்தது போன்ற அழுத்தம். பால்பற்கள் மட்டும் உள்ள வயதில் பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன். கருவிக்குக் கருவி இந்த எண் மாறும். நான்கு வயதுக் குழந்தை சொன்னவுடன் முழு பலத்தோடு கடித்துக் காட்டுமா என்பது தனிக் கதை!

வயது ஏற ஏற தாடை வளர்கிறது, கன்னத்தில் உள்ள மெல்லும் தசை தடிக்கிறது, பற்களும் கூடுகின்றன. கடிக்கும் விசையும் ஏறுகிறது. உயரமும் எடையும் கூடுதலாக உள்ள குழந்தைகளிடம் விசை சற்று அதிகமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். உடம்பு வளர்வதால் கடி வலுக்கிறது. கெட்டியான பண்டங்களைக் கடித்தால் உயரமாகலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் கடிக்க முடியாமல் போனால் நிலைமை வேறு. அங்கேதான் சொத்தைப் பல் வருகிறது. “பால் பல்லுதானே, எப்படியும் விழப்போகுது” என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கோ அந்தப் பல்லில்தான் வலி. ஒரு பக்கமாகவே மெல்லும், அல்லது மெல்லாமலேயே விழுங்கும். கறி, கீரை, பழம் எல்லாம் ஒதுங்கி, குழைந்த சாதமும் பாலில் நனைத்த பிஸ்கட்டும்தான் மிஞ்சும். ராத்திரி வலியில் தூக்கமும் கெடும். சொத்தை முற்றிய குழந்தைகளின் எடை குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிகிச்சைக்குப் பிறகு எடை ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் வலி குறைந்து பசி கூடியது, எடை மட்டும் பெரிதாக மாறவில்லை. எனவே எடைக் குறைவுக்குப் பல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், வலியில்லாமல் சாப்பிட ஒரு குழந்தைக்கு எடைக் கணக்கு எதற்கு?

அங்கன்வாடிகளில் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பல் பிரச்சினைகளும் உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். இரண்டு வருகைக்கு நடுவே சொத்தை நன்றாகவே முற்றிவிடும். எடை குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கிற அன்றே அதன் வாயையும் பார்த்துவிட வேண்டும். அதற்குத் தேவை ஒரு டார்ச் லைட்தான்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே ஊட்டிக்கொண்டிருந்தால் மெல்லும் பழக்கம் தள்ளிப்போகும். பத்து மாதத்துக்குள் சற்றுக் கட்டிகட்டியான உணவைப் பழக்குவது நல்லது. அதற்காக முழு நிலக்கடலையைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால், பலர் இதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். சொத்தையாகி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது.