வண்டியும் கருவியும்: காலையில் கிளம்பாத பிக்கப்பும் பேர் தெரியாத கறுப்புப் பெட்டியும்

கோத்தகிரி பக்கம் இருந்து கேரட் விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றும் அவருடைய பழைய டீசல் பிக்கப், பனி தொடங்கியதில் இருந்து அதிகாலையில் கிளம்ப மறுக்கிறது. பத்துப் பதினைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் வெள்ளைப் புகை தள்ளி, உதறிக்கொண்டு ஓடுகிறது. ஒருமுறை சூடேறிவிட்டால் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. ஒரு மெக்கானிக், இன்ஜினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி, இதுதான் போயிருக்கும், ஆனால் எங்கும் கிடைக்காது என்கிறார். ஏலத்துக்கு நேரத்தில் போய்ச் சேராமல் இரண்டு லோடு விலை இறங்கிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் ஒதுக்கி வைக்கலாம். இன்ஜின் வேலை என்றால் ஒரு போகத்து வருமானம் போய்விடும். அதற்கு முன் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்து அரைமணி நேரம் பார்த்துவிடுவது நல்லது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பழைய வகை இன்ஜின்கள் சிலவற்றில் டீசல் நேராக பிஸ்டன் மேல் தெளிக்காமல், ஹெட்டில் உள்ள சிறு அறையில் தெளிக்கும். குளிர்ந்த அறைச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் சில நொடிகளில் அதன் முனை சிவக்கும். எத்தனை நொடி சூடேற்றுவது என்று முடிவு செய்வதுதான் அந்தக் கறுப்புப் பெட்டியின் வேலை. ஹீட்டர் டைமர் என்று கேட்டால் உதிரிபாகக் கடையில் தெரியும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இதே வண்டி கீழே மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு நின்றால், காலையில் ஒரே அடியில் கிளம்பக்கூடும். அப்படிக் கிளம்பினால் ஹீட்டர் பக்கம் சந்தேகம் வலுக்கும். அமுக்கம் குறைந்த இன்ஜினும் குளிரில் அடம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஆயில் குறைவது, பிரீதரில் புகை தள்ளுவது, ஏற்றத்தில் இழுவை இல்லாதது போன்ற குறிகளும் கூட இருக்கும்.

பெட்டி ஹீட்டர் டைமர்தானா என்பதை அதன் கால்களுக்குப் பக்கத்தில் உள்ள எண்களை வைத்துச் சொல்லலாம். பல கம்பெனிகள் ஒரே ஜெர்மன் தர எண்களைத்தான் போடுகின்றன. 30 என்றால் பேட்டரியில் இருந்து நேராக வரும் கரண்ட். 15 சாவி போட்டால் வருவது. 31 எர்த். 50 செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வருவது. 87 வெளியே போவது. 49, 49ஏ என்று இருந்தால் அது இண்டிகேட்டர் பிளாஷர். 53 என்று இருந்தால் வைப்பருக்கு உரியது. எண் அழிந்திருந்தால் ஒயரைப் பார்க்கலாம். தடித்த ஒயர் இரண்டும் மெல்லிய ஒயர் சிலவும் இருந்து, தடித்ததில் ஒன்று இன்ஜின் ஹெட்டுக்குப் போனால் ஹீட்டர் டைமர்தான்.

ஆனால் சோதனையைப் பெட்டியில் தொடங்கக் கூடாது. பிளக்கில் தொடங்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டு, 12 வோல்ட் 21 வாட் பல்பால் செய்த டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பாடி எர்த்தில் மாட்டிக்கொள்ளவும். எல்.இ.டி. லேம்ப் வேண்டாம். மிகச் சிறு கரண்டிலும் எரிந்து ஏமாற்றும். பிளக்குகளை இணைக்கும் உலோகப் பட்டியில் முனையை வைத்து, உதவிக்கு ஒருவரைச் சாவி போடச் சொல்லவும். சில நொடிகள் பிரகாசமாக எரிந்து அணைந்தால் டைமர் நன்றாக இருக்கிறது. குறை பிளக்கில். (டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். பிளக் நான்கும் கருகியிருந்தாலும் பல பழைய வண்டிகளில் அது எரியும்.) சாவியை எடுத்து, பட்டியைக் கழற்றி, கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸுக்கு மாற்றி ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடவும். எரியாத இடத்தில் பிளக் போய்விட்டது. இரண்டு போனாலே வெள்ளைப் புகையும் உதறலும் வரும்.

பட்டியில் விளக்கு எரியவே இல்லையென்றால்தான் பெட்டிக்கு வர வேண்டும். 30-இல் எப்போதும் கரண்ட் வர வேண்டும், 15-இல் சாவி போட்டதும் வர வேண்டும், 31 நல்ல எர்த்தாக இருக்க வேண்டும். 30 செத்திருந்தால் பேட்டரி பக்கத்தில் உள்ள பெரிய ஃபியூஸ் போயிருக்கும். நான்கு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், அங்கே பச்சை பூத்த ஒரு முனை போதும் எல்லாவற்றையும் கெடுக்க. மூன்றும் சரியாக இருந்து 87-இல் கரண்ட் வரவில்லையா? கூலன்ட் சூட்டைச் சொல்லும் சென்சார் ஒயர் பெட்டிக்கு வந்தால், அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி சாவி போட்டுப் பார்க்கவும். ஒயர் உரசி எர்த் ஆகியிருந்தால், இன்ஜின் கொதிக்கிறது என்று நினைத்துப் பெட்டி சும்மா இருக்கும். பெரும்பாலான வகைகளில், கழற்றியதும் ஹீட்டர் வேலை செய்தால் பெட்டி மேல் குற்றம் இல்லை.

அதற்கும் அசையவில்லை என்றால்தான் பெட்டி போயிருக்கிறது. அப்போதும் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே ஒரு ரிலேவும் சிறு போர்டும்தான். குலுக்கலில் ஈயப் பற்று விட்டிருப்பதே அடிக்கடி காணும் குறை. டி.வி., ஸ்டெபிலைசர் பழுது பார்ப்பவரே மறுபடி பற்றவைத்துத் தந்துவிடுவார். புதிதாக வாங்கினால் பழைய பெட்டியைக் கையில் கொண்டுபோய், பாக எண், கால்களின் அமைப்பு, வோல்ட், எத்தனை சிலிண்டருக்கு உரியது என்று நான்கையும் ஒப்பிட வேண்டும். பிளக் வாங்கும்போதும் பழையதில் பொறித்த வோல்ட்டையே கேட்க வேண்டும்.

பெட்டி கிடைக்காவிட்டால், சில எலக்ட்ரீசியன்கள் தனி பட்டன் வைத்துத் தருவார்கள். கூடாது என்றில்லை. ஆனால் ஹாரன் ரிலேயை வைத்தால் உருகிவிடும். 70 ஆம்பியர் ரிலே, தடித்த ஒயர், பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பட்டனை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் பிளக் முனை வீங்கி, உடைந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அப்போதுதான் உண்மையாகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும்.

அவசரத்துக்கு ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் மலைப்பக்கம் பரவுகிறது. சிவந்த ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது நேரங்கெட்டு வெடித்து, பிஸ்டனை உடைக்கும். குழாய் வழியே தீ திரும்பி, ஸ்பிரே அடித்தவர் முகத்திலும் பாயலாம்.

இந்தச் சோதனைகள் பழைய வண்டிக்கு மட்டும். டி.ஐ. என்று எழுதிய பல பழைய வண்டிகளில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. முதலில் ஹெட்டைப் பார்த்துவிட வேண்டும். காமன் ரெயில் வண்டியில் டெஸ்ட் லேம்ப் குத்தக் கூடாது. அதில் எல்லாம் கம்ப்யூட்டர் வழி நடப்பதால், ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.