ஒயர்மேனுக்குப் பர்மிட் கட்டாயம். அதை எடுக்க வழியும் வேண்டும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வீட்டு ஒயரிங், போர் மோட்டார், தறிக்கூடம் என எந்த மின்வேலையையும் பர்மிட் உள்ளவர்தான் செய்ய வேண்டும். இதுவே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. எங்கள் உறுப்பினர்களிலேயே பலரிடம் இன்னும் பர்மிட் இல்லை. அது தெரிந்தேதான் சொல்கிறோம்.

சட்டம் புதிதல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இருந்ததையே மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளும் சொல்லின. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை போக, மற்றதை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் கூடவே நின்று பார்க்க வேண்டும். பர்மிட் உள்ளவர் கை வைக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் வேலையை ஒருவர் முடிக்கிறார். சர்வீஸ் வாங்கக் கரண்ட் ஆபீசில் கொடுக்கும் தாளில், அந்த வீட்டு வாசலையே மிதிக்காத வேறொருவர் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறோம். எர்த் குழி தோண்டச் செலவாகும் என்று, பிளக் பாயின்ட்டின் எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்தால் நன்றாக எரியும். கிரைண்டரும் ஓடும். வீட்டுக்காரருக்குச் சந்தேகமே வராது. கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் என்றைக்காவது அறுந்தால், கிரைண்டரின் உடம்பெல்லாம் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடு அதைத் தொடுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் உயிர் தப்பலாம். அதையும் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள்.

பர்மிட் இல்லாதவர்கள் எல்லோரும் வேலை தெரியாதவர்கள் அல்லர். சிறு வயதிலேயே மேஸ்திரியோடு சுவர் வெட்டப் போய்த் தொழில் கற்றவர்கள் அவர்கள். ஐ.டி.ஐ.-யில் 2 ஆண்டு உட்கார அவர்கள் வீட்டில் வசதி இருக்கவில்லை. பக்கத்துத் தமிழ்நாட்டில் இவர்களுக்கு ஒரு வாசல் உண்டு. 21 வயது நிறைந்து, 5 ஆண்டு ஒயரிங் அனுபவம் இருந்தால் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். வயதுக்கு மேல்வரம்பு கிடையாது.

ஆந்திர அரசு, அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் செய்முறைத் தேர்வைச் சித்தூரிலும் திருப்பதியிலும் ஆண்டுதோறும் நடத்த வேண்டும். கேள்வித்தாள் தெலுங்கோடு தமிழிலும் வேண்டும். நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் தமிழில் படித்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். 1960-இல் எல்லை மாறித் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனாலும், தொழில் கற்கவும் கூலிக்கும் நம் பிள்ளைகள் அங்கே போய் வருகிறார்கள். பிற மாநிலப் பர்மிட்டை ஏற்க ஒழுங்குமுறையிலேயே இடமிருப்பதால், தமிழ்நாட்டுப் பர்மிட்டுக்கு இங்கே மறுதேர்வு கேட்கக் கூடாது.

திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனம், சர்வீஸ் கொடுக்குமுன் வேலை செய்தவரின் பர்மிட் எண்ணையும் எர்த்தையும் நேரில் சரிபார்க்க வேண்டும். பார்க்காத வேலைக்குக் கையெழுத்திடும் கான்ட்ராக்டரின் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும்; அவர் எங்கள் உறுப்பினராக இருந்தாலும் சங்கம் பரிந்து பேசாது. தேர்வு அறிவித்த 2 ஆண்டுக்குள் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்காத உறுப்பினரின் அட்டையையும் புதுப்பிக்க மாட்டோம்.