எந்த அடியில் இருக்கிறது?

"கோவலன் ஏன் கொலையுண்டான்?" என்று பரீட்சையில் கேட்டால், "பொற்கொல்லனின் சூழ்ச்சியால்" என்று வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். நாற்பது பேருக்கும் முழு மார்க்குக் கிடைக்கும். அவர்களில் ஒருவராவது யோசித்தாரா என்பதுதான் சந்தேகம்.

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளிடம் உபாத்தியாயர் இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது நமது அபிப்பிராயம். "அப்படி நூலில் எந்த அடியில் இருக்கிறது? காட்டு, பார்ப்போம்!" என்பதே அது.

கேட்டுப் பாருங்கள், வகுப்பே ஒரு நியாய ஸ்தலமாக மாறிவிடும். பிள்ளைகள் கொலைக்களக் காதையைப் புரட்டுவார்கள். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன், சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் கொல்லுங்கள் என்றுதான் ஆணையிட்டான் என்று ஒருவன் கண்டுபிடிப்பான். "இருக்குமானால் என்றானே, அது தேவியின் சிலம்புதானா என்று சோதித்தவர் யார்?" என்று இன்னொருத்தி கேட்பாள். கோவலனின் தோற்றத்தைக் கண்டு காவலர் தயங்கியதும், பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அத்தயக்கத்தைப் போக்கியதும், கல்வியறிவில்லாத காவலன் ஒருவன் வாளை வீசியதும் ஒவ்வொன்றாக வெளிப்படும். பிறகு வழக்குரை காதை. உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா? கண்ணகி உடைத்துக் காட்டியதை முன்பே எவரேனும் உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஆதாரம் அவர்கள் கையிலேயே இருந்தது!

குற்றம் மன்னனுடையதா, பொற்கொல்லனுடையதா, காவலனுடையதா என்பதில் பிள்ளைகள் ஒன்றுபட வேண்டியதில்லை. எந்தக் கட்சி பேசினாலும் அதற்குரிய அடியைக் காட்டினால் போதும். 1892-இல் இந்நூலைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் மேற்கொண்ட முறையும் இதுவே. ஏட்டுப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் பாடத்தை நிச்சயித்தார்.

இது வெறும் இலக்கியப் பயிற்சி என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. 2018-ஆம் வருஷம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி அப்போது கைப்பேசிகளில் பரவியிருந்தது. கூடிய ஜனங்கள் அந்த அம்மையாரை அடித்தே கொன்றுவிட்டார்கள். மதுரையில் நடந்த அநீதியே மறுபடியும் நடந்தது. இம்முறை வாளை வீசியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஆகவே, இந்தக் கல்வியை உபாத்தியாயரிடமே விட்டுவிடாமல் பெற்றோரும் வீட்டில் தொடங்க வேண்டும். இன்றிரவு உங்கள் பிள்ளை கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றை உங்களிடம் வாசித்துக் காட்டினால், "யார் சொன்னது? எங்கே இருக்கிறது?" என்று அன்பாகக் கேளுங்கள். நாளை அதே கேள்வியைப் பிள்ளை உங்களிடம் திருப்பிக் கேட்டால், கோபித்துக் கொள்ளாதீர்கள்!