கோணல் மனையும் கோணாத கணக்கும்

ஹைதராபாத்தில் மனை பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் சொல்வது விலை இல்லீங்க, திசை. "ஈசான்யம் பெரிகிந்தி சார்" என்று ஆரம்பித்தால் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். ஆக்னேயம் வளர்ந்த மனை என்றால் குரலே இறங்கிவிடும். பழைய தலைமைச் செயலகத்தை 2020-ல் இடித்துவிட்டு 2023-ல் புதிதைத் திறந்த ஊர் இது. வாஸ்துவும் ஒரு காரணம் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்த ஊரில் நமக்கு வாய்த்தது ஒரு கோணல் மனை!

வடக்கே ரோடு. ரோட்டுப் பக்கம் 30 அடி, பின்பக்கம் 45 அடி. மேற்குச் சுவர் நேராக 36 அடி, கிழக்குச் சுவர் சாய்ந்து 39 அடி. அதாவது தென்கிழக்கு மூலை துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு வாஸ்துக்காரர், "முன்னால் குறுகி பின்னால் விரிந்தால் கோமுகி, குடியிருக்க உத்தமம்" என்றார். இன்னொருவர், "ஆக்னேயம் வளர்ந்திருக்கு, அந்த முக்கோணத்தைச் சுவர் வைத்து வெளியே தள்ளிடுங்க" என்றார். ஒரே மனை, ஒரே சாஸ்திரம், ரெண்டு தீர்ப்பு. ஊரிலிருந்து வந்த அம்மா ரெண்டாமவர் கட்சி. தங்கமணி யார் கட்சியும் இல்லை, "சமையலறை பெரிசா வேணும்" கட்சி.

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது கணக்குதான். அந்த முக்கோணம் 270 சதுர அடி. இங்கே கஜக் கணக்கு, 9 சதுர அடி ஒரு கஜம். ஆக 30 கஜம். மொத்த மனையே 150 கஜம்தான், ஐந்தில் ஒரு பங்கு! கஜம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சம். அதையே எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷக் கடனாக வாங்கினால் மாதம் பத்தாயிரத்து நானூறு சொச்சம், முடியும்போது சுமார் 25 லட்சம். சுவருக்கு வெளியே புல் முளைக்க இவ்வளவு தவணை கட்டணுமா? இந்த ஊரில் அப்படி ஒதுக்கி விட்ட துண்டுகளை நிறைய பார்க்கலாம். கொஞ்ச நாளில் அது குப்பை கொட்டும் இடம், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் பைக் நிறுத்தும் இடம்.

கோணல் மனையில் நிஜமான ஆபத்து வேறே. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்கிச் சொல்லும் பழக்கம். எங்கள் மனைக்கு அப்படிப் போட்டால் 37.5 பெருக்கல் 37.5, அதாவது 156.25 கஜம் வரும். நிஜத்தில் 150. இல்லாத ஆறேகால் கஜத்துக்கு இரண்டரை லட்சம்! இந்தக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டும்தான் சரி. மற்ற நாற்கோணத்துக்கெல்லாம் கூடுதலாகத்தான் காட்டும், எப்போதும் விற்பவர் பக்கமே சாயும். நாலு பக்கம் மட்டும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை குறுக்கேயும் டேப் பிடித்து ரெண்டு முக்கோணமாக்கிக் கூட்டணும். பொதுவாக வங்கியில் பத்திரத்தில் உள்ளது, தரையில் உள்ளது, ரெண்டில் எது குறைவோ அதற்குத்தான் மதிப்பு போடுவோம். இல்லாத கஜத்துக்குக் கடன் கிடைக்காதுங்க, கைக்காசுதான் போகும்.

அனுமதி விஷயமும் இதேதான். 2020-ல் வந்த டிஎஸ்-பிபாஸ் சட்டம் 500 சதுர மீட்டர் வரையிலான மனைக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி என்றது. கேட்க சுகம். ஆனால் எழுதிக் கொடுத்த அளவுக்கு நாமே பொறுப்பு, பொய்யானால் இடிப்பு வரை போகும்.

சரி, முக்கோணத்தை என்ன செய்வது? படுக்கையறை, ஹாலை நேர் பகுதியில் சதுரமாக வைத்துக்கொள்ளுங்க. கட்டிலும் பீரோவும் கூர்மூலையில் உட்காராது. சாய்ந்த பக்கத்தில் சமையல் மேடை, துணி துவைக்கும் இடம், சாமான் அறை. விதிப்படி விட வேண்டிய காலி இடமும் அந்தச் சாய்வை ஒட்டியே போகட்டும், காற்றுக்கு ஆச்சு, ஒரு கறிவேப்பிலைக்கும் ஆச்சு. வாஸ்துப்படியே ஆக்னேயம் அக்னி மூலை, அடுப்படிக்கு உரியது. இதைச் சொன்னதும் அம்மாவும் தங்கமணியும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள் :-)

நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடம் 1902-லேயே முக்கோண மனையில் எழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன், இங்கேயே முன்னாள் தலைமைச் செயலர் நரேந்திர லூதர் பஞ்சாரா ஹில்ஸில் மனையில் இருந்த பாறையை உடைக்காமல் அதை வீட்டோடு சேர்த்தே கட்டிக்கொண்டார். இந்த ஊர்ப் பாறைகளுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். அதற்கு முன்னால் நம் மூலைமட்டம் எம்மாத்திரம்?

கோணல் என்றால் தாராளமாக விலையைக் குறைத்துக் கேளுங்க. மிச்சமாவதில் கொஞ்சத்தை நல்ல ஆர்க்கிடெக்டுக்குக் கொடுங்க. சுவரை மட்டும் உள்ளே தள்ளிக் கட்டாதீங்க.