ஈக்குப் பாடகியின் பெயர் வைத்தால் என்ன?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், அதர்ட்டன் மேட்டுநிலத்தில் 1981இல் ஒரு குதிரை ஈயைப் பிடித்தார்கள். வயிற்றின் பின்பகுதியில் பொன்னிற மயிர் மின்னும் ஈ. அது சேகரிப்புப் பெட்டிக்குள் போய், பெயரில்லாமலே முப்பது ஆண்டுகள் கிடந்தது. பிறகு பிரையன் லெசார்ட் என்ற இளம் ஆய்வாளர் பாடகி பியான்சேயின் பெயரை அதற்குச் சூட்டினார். பூக்களில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கும் அந்த ஈயைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின.

அறிவியலை இப்படி விளம்பரமாக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கோபம் அந்த முப்பது ஆண்டுகளின் மீது திரும்பினால் நல்லது. பெயரிடப்படாத மாதிரிகள் அருங்காட்சியகங்களில் குவிந்து கிடக்கின்றன. இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்த வகைப்பாட்டியலாளர்கள் குறைவு; அவர்களுக்கான வேலையும் நிதியும் அதைவிடக் குறைவு. பெயரே இல்லாத உயிரைக் காப்பாற்றச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

ஆனாலும் பெயரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஒருமுறை முறைப்படி வைத்த பெயரை விலங்கியல் விதிகளின்படி எளிதில் மாற்ற முடியாது. ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் ஒரு வண்டு 1937இல் ஹிட்லரின் பெயரைப் பெற்றது. அந்தப் பெயருக்காகவே அதைத் தேடிப் பிடித்து விற்கிறார்கள்.

பொருத்தமான பெயர்களும் இருக்கின்றன. பனாமாவின் பசிபிக் கரையில் கண்டறிந்த இறால் ஒன்று, இளஞ்சிவப்புக் கொடுக்கைச் சொடுக்கிக் காதைப் பிளக்கும் ஒலி எழுப்பும். 2017இல் அதற்குப் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் பெயர் கிடைத்தது. இவற்றில் மிகவும் அர்த்தமுள்ளது மெட்டாலிகா குழுவின் பெயர் கொண்ட உயிரினம்தான். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, 4,000 மீட்டருக்கும் கீழே, மாங்கனீசு உருண்டைகள் பரவிக் கிடக்கும் கடல் தரையில் அது வாழ்கிறது. கண்ணும் நிறமும் இல்லாத, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓட்டுடலி. பேட்டரிக்கு வேண்டிய உலோகங்களுக்காக அந்த உருண்டைகளை அள்ளத்தான் சுரங்க நிறுவனங்கள் காத்திருக்கின்றன. 2020இல் சூட்டிய அந்தப் பெயர், ராக் ரசிகர்களையும் ஆழ்கடல் சுரங்கத்தைப் பற்றிக் கேட்க வைத்தது.

இங்கே பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் 17 புதிய மரவட்டை இனங்களை 2022இல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். செய்தியானது பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் பெயர் கொண்ட ஒன்றுதான். மற்ற 16 எங்கே வாழ்கின்றன என்று நாம் கேட்கவில்லை.

நம் பக்கத்திலும் இதே கதைதான். விருதுநகர் மாவட்டத்து மலைகளில் கண்டறிந்த இரண்டு பல்லி இனங்கள் 2024இல் பெயர் பெற்றன. மஞ்சளும் நீலமும் கலந்த ஒன்றுக்கு ஓவியர் வான்கோவின் பெயர். அது ஊடகங்களில் வலம் வந்தது. அதே ஆய்வில் வந்த இன்னொன்றுக்குச் சதுரகிரியின் பெயர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்த மலை ஏறும் பக்தர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அடிவாரத்தில் அந்தப் பல்லியின் படத்தோடு ஒரு பலகை வைப்பது வனத்துறைக்குப் பெரிய செலவல்ல. வான்கோ பல்லியைக் கொண்டாடிய பத்திரிகைகள் சதுரகிரிப் பல்லிக்கும் அரைப் பக்கம் ஒதுக்கட்டும்.