பெசாவா, சாகாவா? முதலில் தவணையைக் கணக்குப் போடுங்கள்

ஆயர் தாவார் வட்டாரத்தில் கார் ஆடம்பரப் பொருள் இல்லை. தோட்டக் குடியிருப்புகளை விட்டு நம்மவர்கள் தாமான்களுக்குப் பெயர்ந்த பிறகு வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம் என்றாகிவிட்டது. ஈப்போ பெரிய மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைத்தால், போக வர ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்து, பின்னால் சாமானும் ஏற்ற ஒரு செடான் இருந்தால் போதும் என்பதே பல குடும்பங்களின் எண்ணம்.

குறைந்த விலையில் பார்த்தால் போட்டி இரண்டு உள்நாட்டு கார்களுக்கு இடையில்தான். பெரோடுவா பெசா 2016இல் வந்தது. இன்று 36 ஆயிரம் வெள்ளிக்கு மேல் தொடங்கி 50 ஆயிரத்துக்குள் முடிகிறது. அதன் பின்பெட்டி 508 லிட்டர். கோயில் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றியவர்களுக்கு அதன் அருமை தெரியும். புரோட்டோன் சாகா 2025 நவம்பரில் 1.5 லிட்டர் இயந்திரத்தோடு புதுப்பிக்கப்பட்டது. 40 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்குகிறது. தனியாகவோ இருவராகவோ வேலைக்குப் போய் வர 1.0 பெசா தாராளம். ஐந்து பேரோடு அடிக்கடி ஈப்போ போகிறவர்கள் 1.3 பெசாவையோ சாகாவையோ பார்ப்பது நல்லது. மழையில் சறுக்காமல் பிடிக்கும் விஎஸ்சி வசதி எந்த ரகத்தில் உண்டு என்று முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கடைகளில் வாக்குவாதம் எல்லாம் பெட்ரோலைப் பற்றித்தான். பூடி95 திட்டம் 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கியபோது ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஒரு கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், இன்னொன்று 14 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினாலும் அந்த விலையில் வித்தியாசம் 32 வெள்ளிக்குள்தான். சாலை வரியும் அப்படியே: 1.0க்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3க்கு 70, 1.5க்கு 90. (இளைஞர்கள் ஆசைப்படும் பழைய 1.8 சிவிக்கிற்கு 280 வெள்ளி அளவில் வரும்.)

பணம் உண்மையில் கரைவது கடனில். 44 ஆயிரம் வெள்ளி காருக்குப் பத்து விழுக்காடு முன்பணம் போக, 40 ஆயிரம் கடன். வட்டி 3 விழுக்காடு என்று கொண்டால், 9 ஆண்டில் வட்டி மட்டும் 10,800 வெள்ளி, தவணை 470. அதையே 7 ஆண்டில் கட்டினால் தவணை 576. வட்டியில் 2,400 மிச்சம், இரண்டு ஆண்டுக்கு முன்பே கடனும் தீரும். முகவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத் தாமாகக் காட்டுவது அரிது.

குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியில் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் மிஞ்சுவது 1,500 சொச்சம். ஹோண்டா சிட்டி, தொயோத்தா வியோஸ் நல்ல கார்கள்தான். ஆனால் 80 ஆயிரம் கடன் என்றால், இதே வட்டியில் 9 ஆண்டுக்கு மாதம் 940 வெள்ளி. அந்தச் சம்பளத்துக்கு வங்கி நேரடியாகத் தராது. அப்பாவையோ அண்ணனையோ ஜாமீன் கேட்கும். பையன் வேலையை விட்டுவிட்டால் அந்தக் கையெழுத்துக்காரரைத்தான் வங்கி தேடி வரும்.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காரை எடுக்கலாம். கடன் வாங்கியவர் இறந்திருந்தால் நான்கு தவணை. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இது தெரியாமலே எத்தனையோ பேர் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, 'சம்பூங் பாயார்'. வேறொருவர் பெயரில் இருக்கும் கடனை நாம் தொடர்ந்து கட்டி காரை ஓட்டுவது. முன்பணம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம் என்பதால் கவர்ச்சியாக இருக்கும். வங்கிக்குத் தெரியாமல் காரைக் கைமாற்றுவது அதே சட்டத்தின் கீழ் குற்றம். கார் பழையவர் பெயரில்தான் இருக்கும், காப்புறுதியும் அவர் பெயரில்தான். மூன்று ஆண்டு கட்டிய பிறகு வங்கி காரை இழுத்துக்கொண்டு போனாலும், கட்டியவர் தன்னுடையது என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.